தேயிலை மலையின் கூலிக் கணக்கு – 6: சம்பளத்தை யார் தீர்மானிப்பது?

1921இல் துண்டு முறை ஒழிந்த கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். கங்காணி கையில் வைத்திருந்த கடன் சீட்டு செல்லாதென்று ஆயிற்று. தோட்டம் விட்டுத் தோட்டம் போகும்போது ஆளோடு சேர்த்துக் கடனையும் கைமாற்றும் வழக்கம் சட்டப்படி முடிந்தது. கடன் போனதும் அடுத்த கேள்வி எழுந்தது. விடிகாலைப் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மாலைவரை மலையில் நிற்பவருக்கு நாளொன்றுக்கு எத்தனை சதம்? அதைச் சொல்ல வேண்டியவர் யார்?

துண்டு இருந்த காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1854இல் கண்டியில் தொடங்கப்பட்ட தோட்டத்துரைமார் சங்கம், கூலி உயராமல் பார்த்துக்கொள்வதில் ஒற்றுமையாக இருந்தது. ஆளுக்குத் தட்டுப்பாடு வந்தபோதும் துரைமார் கூலியைக் கூட்டவில்லை. பக்கத்துத் தோட்டத்துக் கங்காணிக்கு முற்பணத்தைக் கூட்டிக் கொடுத்து அவனையும் அவன் ஆட்களையும் இழுத்துக்கொண்டார்கள். போட்டியின் பலன் கங்காணியின் மடியில் விழுந்தது. கடன் தொழிலாளியின் தலையில் ஏறியது. இதற்கு மேல், வேலைக்கு வந்த ஒவ்வொரு ஆளுக்கும் இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. காய்ச்சலில் கிடப்பவரையும் எழுப்பி மலைக்கு விரட்ட அந்தக் காசே காரணமாயிற்று. கூலியில் பெரும்பங்கு அரிசிக்கே போனது. அரிசியைக் கொடுத்ததும் தோட்டம், விலை வைத்ததும் தோட்டம், சம்பளத்தில் கழித்ததும் தோட்டம்.

இந்த வளையத்தை முதலில் உடைத்தது கொழும்பு அல்ல, டில்லி. 1922இல் இந்திய அரசு குடிபெயர்வுச் சட்டமொன்றைக் கொண்டுவந்தது. வெளிநாட்டுக்குக் கூலியாட்கள் போவதை இனி இந்திய அரசு நிபந்தனையோடுதான் அனுமதிக்கும். திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து மண்டபம் முகாம் வழியாக ஆள் வராவிட்டால் இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் நடக்காது என்பது துரைமாருக்கு நன்றாகத் தெரியும். 1923இல் இந்திய அரசின் ஏஜெண்ட் ஒருவர் கண்டியில் வந்து அமர்ந்தார். அவர் வைத்த முக்கியக் கோரிக்கை அடிப்படைக் கூலி ஒன்றை வரையறுக்க வேண்டும் என்பதே.

வரையறுப்பது எப்படி? அப்போதுதான் இந்த வரலாற்றிலேயே ஓர் அபூர்வமான காரியம் நடந்தது. லயத்தில் குடியிருக்கும் குடும்பம் மாதம் எவ்வளவு அரிசி சாப்பிடுகிறது, மிளகாய், மல்லி, உப்பு, கருவாட்டுக்கு எவ்வளவு செலவாகிறது, வருடத்துக்கு எத்தனை வேட்டி, எத்தனை சேலை, ஒரு கம்பளி எத்தனை நாள் தாங்கும் என்று குடும்பச் செலவுக் கணக்கு எடுக்கப்பட்டது. துரைமார் ஒரு கணக்குச் சொன்னார்கள், ஏஜெண்ட் ஒரு கணக்குச் சொன்னார். பேரம் வருடக்கணக்கில் இழுபட்டது. முடிவில் 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது. 1929 ஜனவரி 1 முதல் கூலி விகிதங்கள் நடைமுறைக்கு வந்தன.

மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். நடுநாட்டில் 52, 41, 31. கீழ்நாட்டில் 50, 40, 30. அரிசியைக் குறித்த ஒரு விலைக்கு மேல் விற்கக்கூடாது என்ற கணக்கின் மேல்தான் இத்தனையும் நின்றது.

இந்த எண்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சட்டம் கூலிக்குத் தரை போட்டது, உண்மை. ஆசியாவின் தோட்டப் பகுதிகளில் சட்டத்தால் குறைந்தபட்சக் கூலி வகுத்த முன்னோடி முயற்சிகளில் இதுவும் ஒன்று. ஆனால் அதே சட்டம் பெண்ணின் கூலியை ஆணின் கூலியைவிட மலைநாட்டிலும் நடுநாட்டிலும் 11 சதம், கீழ்நாட்டில் 10 சதம் குறைத்து எழுதியது. கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தோட்டத்தின் வருமானம் அவர்கள் விரல்நுனியில் தொடங்குகிறது. அவர்களுக்கு நாளொன்றுக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்று அரசே முத்திரை குத்திக் கொடுத்தது. அந்த முத்திரையை அழிக்க 55 வருடங்கள் பிடித்தன.

இன்னொரு குறையும் இருந்தது. டில்லி பேசியது, கொழும்பு பேசியது, துரைமார் பேசினார்கள். மாவட்டந்தோறும் தோட்டச் சம்பள சபைகள் அமைந்தன. ஆனால் தொழிலாளர் பெயரால் பேசத் தோட்டங்களில் ஒரு சங்கம்கூட அப்போது இல்லை. கூலிக்காரர் பற்றிய சட்டம் கூலிக்காரர் இல்லாமலே எழுதப்பட்டது.

அந்த வெற்றிடத்துக்குள் நுழைந்தவர் கோ. நடேசய்யர். தஞ்சாவூரிலிருந்து வந்தவர், பத்திரிகையாளர். தோட்டத்துக்குள் வெளியார் கால் வைத்தால் அத்துமீறல் வழக்குப் பாயும் காலம் அது. புடவை வியாபாரி வேடத்தில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாகப் போனார். தொழிலாளருக்கு உரிய சட்டங்களை அவர்கள் படித்தால் புரியும் தமிழில் எழுதி அச்சிட்டார். அவர் மனைவி மீனாட்சி அம்மை தொழிலாளர் துயரத்தைப் பாட்டாகக் கட்டித் தோட்டங்களில் கூட்டம் சேர்த்துப் பாடினார். படிக்கத் தெரியாதவருக்கும் அந்தப் பாட்டு போய்ச் சேர்ந்தது. 1931இல் நடேசய்யர் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். மலையகத்தின் முதல் தொழிற்சங்கம் அதுதான்.

சங்கம் பிறந்த நேரமே சோதனை நேரம். உலகப் பொருளாதார மந்தத்தில் தேயிலை விலை சரிந்துகொண்டிருந்தது. சரிவின் பாரத்தை யார் தாங்குவது என்று வந்தபோது துரைமார் கை நீட்டிக் காட்டியது கூலியைத்தான். எழுதிய சில வருடங்களிலேயே குறைந்தபட்சக் கூலி குறைக்கப்பட்டது, பிறகும் குறைக்கப்பட்டது. அரிசி விலை இறங்கிவிட்டதே, கூலி இறங்கினால் என்ன என்பது அவர்கள் வாதம். விலை ஏறிய வருடங்களில் இந்தக் கணக்கை அவர்கள் யாரும் எடுத்து நீட்டியதில்லை. நடேசய்யர் கூட்டம் போட்டார், எழுதினார். வெட்டைத் தடுக்க முடியவில்லை. ஆனால் கூலி என்பது துரையின் தயவு அல்ல, எதிர்த்துக் கேட்கக்கூடிய ஒன்று என்ற எண்ணம் லயங்களில் வேர் பிடித்துவிட்டது. 1936 தேர்தலில் ஹட்டனில் நடேசய்யரும் தலவாக்கலையில் எஸ்.பி. வைத்திலிங்கமும் அரசாங்க சபைக்குத் தெரிவானார்கள். தோட்டத்து மக்களின் வாக்கு எடை காட்டியது.

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. சாமான் விலை ஏறத் தொடங்கியது. கண்டி மாவட்டத்தில் ஹேவாஹெட்டைப் பகுதியில் முல்லோயா என்றொரு தோட்டம். அங்குள்ளவர்கள் லங்கா சமசமாஜக் கட்சியின் வழிகாட்டலில் இயங்கிய தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்து கூலி உயர்வு கேட்டார்கள். நிர்வாகம் மறுத்தது. வேலைநிறுத்தம் தொடங்கியது. 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலீஸ் சுட்டது. கோவிந்தன் என்ற தொழிலாளி செத்து விழுந்தார்.

சம்பளம் கேட்டு உயிர் கொடுத்தவர்களின் பட்டியலில் மலையகம் முதலில் எழுதும் பெயர் அவருடையது. அந்தப் பெயர் அன்றைய அரசையே ஆட்டியது என்பது இன்று பலருக்கும் தெரியாத செய்தி. விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. தொழிலாளர் தரப்புக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா ஆஜரானார். வேலைநிறுத்தக்காரர்மீது போட்ட வழக்குகளைத் தள்ளிவைக்கும்படி உள்துறை அமைச்சர் டி.பி. ஜயதிலக்க பொலீஸ் மாஅதிபருக்குச் சொன்னார். மாஅதிபர் பாங்க்ஸ் கேட்கவில்லை. ஆளுநர் கால்டிகொட் அமைச்சரைக் கைவிட்டு மாஅதிபர் பக்கம் நின்றார். அமைச்சர்கள் கூட்டாகப் பதவி விலகினார்கள். ஒரு தோட்டத்துக் கூலித் தகராறு, இந்த நாட்டை ஆள்வது தெரிவு செய்யப்பட்ட அமைச்சர்களா, பிரித்தானிய ஆளுநரா என்ற கேள்வியாக வளர்ந்து நின்றது.

சூடு மலைக்கு மலை பரவியது. அதே வருடம் ஊவாவில் அலையலையாக வேலைநிறுத்தங்கள். பதுளைப் பக்கத்தில் வேவஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர்கள் தமக்குள் தேர்தல் வைத்து ஒரு குழுவையே அமைத்துவிட்டார்கள். இனித் தோட்டக் காரியங்களில் அந்தக் குழுவைக் கலந்தே நடப்பேன் என்று துரை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. அடக்க வந்த ஆயுதப் பொலீசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர்கள் பறித்துக்கொண்டார்கள். நீடிக்கவில்லை. அடக்குமுறையும் அந்த வருட வெள்ளமும் சேர்ந்து போராட்டத்தை முடித்தன. ஜூன் மாதம் சமசமாஜக் கட்சித் தலைவர்களான என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின் ஆகியோர் சிறை வைக்கப்பட்டார்கள். என்றாலும், தோட்டத்தில் யார் பேச்சு எடுபட வேண்டும் என்ற கேள்விக்குத் தொழிலாளர்கள் தாங்களே விடை எழுதிய சில வாரங்கள் அவை. மலையக வரலாற்றில் அதற்கு இணையான வாரங்கள் அரிது.

அரசு பாடம் படித்துக்கொண்டது. 1941இல் சம்பள நிர்ணய சபைகள் சட்டம் வந்தது. தொழிலுக்கு ஒரு சபை. தொழில் ஆணையாளர் தலைவர். முதலாளி தரப்புக்கும் தொழிலாளர் தரப்புக்கும் சம எண்ணிக்கையில் இடம். அமைச்சர் நியமிக்கும் மூவர்வரை மேலதிகமாக இருக்கலாம். அந்த மூவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எண்பது வருடம் கழித்து அவர்கள் திரும்ப வருவார்கள். வாழ்க்கைச் செலவுச் சுட்டெண்ணுக்கு ஏற்பப் படி ஏறும் ஏற்பாடும் சேர்ந்துகொண்டது. காகிதத்தில் பார்த்தால் நல்ல சட்டம். சங்கங்களுக்கு முதல்முறையாக மேசையில் ஆசனம் கிடைத்தது.

ஆசனம் கிடைத்த கையோடு காலுக்குக் கீழே இருந்த தரை போயிற்று. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்கள் வென்றது. 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. மறுவருடம் வாக்குரிமையும் போனது. வாக்கில்லாதவரின் கூலியைப் பற்றி எந்த அமைச்சருக்கும் தூக்கம் கெடப்போவதில்லை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள். நாளை எந்த நாட்டில் இருப்போம் என்று தெரியாத ஒரு மக்கள் கூட்டத்தால் சம்பளத்துக்காக நீண்ட போராட்டம் நடத்துவது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரையின் இடத்தில் அரசு உட்கார்ந்தது. 1973, 74இல் லயங்களில் பட்டினிச் சாவு நடந்தது. முதலாளியும் அரசு, சம்பளத் தகராறில் நடுவரும் அரசு என்ற நிலை தொழிலாளருக்கு எந்த நன்மையும் செய்யவில்லை.

1977இல்தான் மலையகத்திலிருந்து மீண்டும் ஒருவர் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் எஸ். தொண்டமான். மறுவருடம் அமைச்சருமானார். அமைச்சரவையில் இருந்துகொண்டே வேலைநிறுத்தத்துக்கும் அழைப்பு விடுக்கும் விசித்திரமான நிலை அவருடையது. சங்கத் தலைவர் அமைச்சராவது சரியா என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். ஆனால் 1984 ஏப்ரலில் நடந்ததைப் புறந்தள்ள முடியாது. உலகச் சந்தையில் தேயிலை விலை உச்சத்தில் இருந்த நேரம். 1983 ஜூலை வன்செயல் நடந்து ஒன்பது மாதங்களே ஆகியிருந்தன. எரிந்த லயங்களின் கரி இன்னும் போகவில்லை. அந்த அச்சத்தையும் மீறித் தோட்டத் தொழிலாளர்கள் மலைக்குப் போகாமல் நின்றார்கள். கொழுந்து முற்றியது, தொழிற்சாலைகள் நின்றன. அரசு இறங்கி வந்தது. சம்பளம் உயர்ந்தது. அதைவிடப் பெரிய வெற்றி, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்றாயிற்று. 1929இல் எழுதிய அந்த 11 சத வித்தியாசம் சட்டத்தாலோ கருணையாலோ அழியவில்லை. வேலையை நிறுத்தியதால் அழிந்தது.

1992இல் காற்று மறுபடி திசை மாறியது. அரசு தோட்டங்களை 22 பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுத்தது. நிலம் அரசுடையது, கம்பனிகளுக்கு 53 வருடக் குத்தகை, 2045 வரை. தொடர்ந்து சம்பளத்தைத் தீர்மானிக்கும் இடமும் மாறியது. சம்பள நிர்ணய சபை ஒதுங்கி நிற்க, முதலாளிமார் சம்மேளனமும் மூன்று தொழிற்சங்கத் தரப்புகளும் இரண்டு வருடத்துக்கொருமுறை கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டன. கையெழுத்திட்டவை இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், இலங்கைத் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், பெருந்தோட்டத் தொழிற்சங்கக் கூட்டுக் கமிட்டி. ஏனைய சங்கங்கள் வெளியே நின்று கோஷம் போடலாம், அவ்வளவுதான்.

கூட்டு ஒப்பந்தம் என்பது உலகெங்கும் தொழிலாளர் இயக்கம் போராடிப் பெற்ற நல்ல கருவி. மலையகத்தில் அது தொழிலாளரை விட்டு விலகிப்போனதுதான் வேதனை. ஒப்பந்தத்தின் வாசகம் பல தோட்டங்களில் கையெழுத்தான பிறகே தெரிய வந்தது. ஒப்பந்த காலத்தில் அதில் அடங்கிய விடயங்களுக்காக வேலைநிறுத்தம் செய்யக் கூடாது. சங்கச் சந்தாவைச் சம்பளத்திலிருந்து கழித்துச் சங்கத்துக்கு அனுப்புவது கம்பனி. தன் வருமானம் எதிர்த்தரப்பின் கணக்கப்பிள்ளை வழியாக வரும்போது ஒரு சங்கம் எவ்வளவு உரக்கப் பேசும் என்று வாசகரே யோசிக்கட்டும்.

ஒப்பந்தத்தின் உள்ளடக்கத்தைப் பிரித்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 2006 டிசம்பரில் 300 ரூபா கேட்டுப் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. கிடைத்தது 260. அதில் அடிப்படைச் சம்பளம் 170தான். 2009இல் மொத்தம் 405, அடிப்படை 285. 2011இல் 515, அடிப்படை 380. 2013இல் 620, அடிப்படை 450. மிச்சமெல்லாம் வரவுக் கொடுப்பனவு, விலைப் பங்குக் கொடுப்பனவு என்ற பெயர்களில் வருபவை. மாதத்தில் தோட்டம் வேலை கொடுத்த நாட்களில் முக்கால்வாசி வந்தால்தான் வரவுக் காசு. பிள்ளைக்குக் காய்ச்சல், தாய்க்கு மருத்துவமனை என்று பல நாள் நின்றுவிட்டால் அது போயிற்று. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி கட்டும் 12 வீதமும் அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான். கொடுப்பனவைக் கூட்டி அடிப்படையைக் குறைவாக வைத்தால் இன்றைய செலவும் மிச்சம், தொழிலாளி ஓய்வு பெறும்போது கொடுக்க வேண்டியதும் மிச்சம். தலைவர்கள் மேடையில் மொத்தத் தொகையைச் சொன்னார்கள். லயத்துப் பெண்கள் அடிப்படை எவ்வளவு என்று கேட்டார்கள். கணக்கு யாருக்குத் தெரிந்திருந்தது என்பது இதிலேயே விளங்கும்.

கொழும்பில் எழுதப்படும் இந்த எண், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வந்ததும் இன்னொருமுறை எழுதப்படுகிறது. நாளொன்றுக்கு 16 அல்லது 18 கிலோ கொழுந்து என்று தோட்டம் ஓர் அளவு வைத்திருக்கும். அளவு குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். தராசில் ஏறும் கொழுந்திலிருந்து சாக்குக்கு, ஈரத்துக்கு, முற்றலுக்கு என்று கிலோக்கள் கழிக்கப்படும். மழையில் நனைந்து, அட்டைக்கடியோடு, முதுகில் கூடையைச் சுமந்து வந்து வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு அந்தக் கழிவைப் பற்றிக் கேட்க வாய்ப்பு மிகக் குறைவு. வறட்சிக் காலத்தில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்றால், நாட்சம்பளம் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் மாதச் சம்பளம் உயராது. ஆகவே சம்பளத்தைத் தீர்மானிப்பவர்களில் சபையும் ஒப்பந்தமும் மட்டுமல்ல, மடுவத்துத் தராசும் வேலை நாளைக் குறிக்கும் செக்ரோலும் உண்டு. சம்பளப் பேச்சுவார்த்தைகளில் அதிகம் பேசப்படாமல் போகும் பகுதி இதுதான். முதலில் பேசப்பட வேண்டியதும் இதுதான்.

2015இல் ஆயிரம் ரூபா என்ற கோரிக்கை எழுந்தது. அந்த வருடம் மார்ச்சில் பழைய ஒப்பந்தம் காலாவதியானது. புதியது கையெழுத்தானது 2016 அக்டோபரில். இடைப்பட்ட பதினெட்டு மாத நிலுவை கொடுக்கப்படவில்லை. வந்தது 730 ரூபா: அடிப்படை 500, வரவுக்கு 60, உற்பத்தித்திறனுக்கு 140, விலைப் பங்கு 30. 2018இல் கோபம் கொழும்புக்கே வந்தது. அக்டோபர் 24ஆம் திகதி, தலைநகரில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் காலிமுகத்திடலில் திரண்டார்கள். எந்தப் பெரிய சங்கமும் கூட்டிய கூட்டமல்ல அது. அம்மாவும் அக்காவும் மலையில் வாங்கும் கூலிக்காகப் பிள்ளைகள் தாமாகத் திரண்டது. டிசம்பரில் தோட்டங்களில் வேலைநிறுத்தம். 2019 ஜனவரியில் புதிய ஒப்பந்தம்: அடிப்படை 700, விலைப் பங்கு 50. வரவுக் காசும் உற்பத்தித்திறன் காசும் எடுபட்டன. 730 என்பது 750 ஆயிற்று. நான்கு வருடம் ஆயிரம் கேட்டவர்களுக்கு மொத்தத்தில் கூடியது 20 ரூபா.

அதன் பிறகு மேசை மறுபடி மாறியது. 2020 ஜனவரியில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச மார்ச் முதல் ஆயிரம் என்று அறிவித்தார். மார்ச் வந்தது, ஆயிரம் வரவில்லை. 2021 பெப்ரவரியில் தோட்டங்களில் ஒருநாள் அடையாள வேலைநிறுத்தம் நடந்தது. அடுத்த சில நாட்களில் சம்பள நிர்ணய சபை கூடியது. தொழிற்சங்கத் தரப்பில் எண்மர், முதலாளி தரப்பில் எண்மர், அமைச்சர் நியமித்த மூவர். மூவரும் சங்கங்களோடு சேர்ந்து வாக்களித்தார்கள். அடிப்படை 900, வரவு செலவுத் திட்டப் படி 100, ஆக ஆயிரம். 1941இல் போட்ட அந்த மூன்று நாற்காலிகள் எண்பது வருடம் கழித்து முடிவைச் சொல்லின.

கம்பனிகள் நீதிமன்றம் போயின. இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. விளைவு உடனே மடுவத்தில் தெரிந்தது. எடுக்க வேண்டிய கொழுந்தின் அளவு பல தோட்டங்களில் 20 கிலோவுக்கு ஏறியது. வேலை நாட்கள் குறைக்கப்படுவதாகச் சங்கங்கள் குற்றஞ்சாட்டின. சட்டம் ஆயிரத்தைக் கொடுத்தது. செக்ரோல் அதில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொண்டது. மறுவருடம் நாடே பொருளாதாரத்தில் சரிந்தது. 2022 செப்டம்பரில் பணவீக்கம் எழுபது வீதத்தைத் தொட்டது. போராடிப் பெற்ற ஆயிரம் ரூபா ஒரே வருடத்தில் அரைகுறையாகிவிட்டது.

கம்பனிகளுக்கும் ஒரு பக்கம் உண்டு. அதை மறைக்கக் கூடாது. உற்பத்திச் செலவில் மிகப் பெரிய பங்கு கூலி என்கிறார்கள். இலங்கைத் தேயிலையில் ஏறத்தாழ முக்கால் பங்கு இன்று சிறுதோட்ட உடைமையாளர்களிடமிருந்து வருகிறது. வயதான செடிகளோடும் பெரிய நிர்வாகச் செலவோடும் கம்பனிகள் அவர்களோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. ஏல விலையைத் தீர்மானிப்பது நாங்கள் அல்ல என்கிறார்கள். உண்மைதான். ஆனால் செடிகளை மாற்றி நடாமல் விட்டது தொழிலாளி அல்ல. விலை உயர்ந்த வருடங்களின் இலாபக் கணக்கு ஒருநாளும் பிரட்டுக்களத்தில் வாசிக்கப்பட்டதில்லை. நஷ்டக் கணக்கு மட்டும் ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் மேசைக்கு வந்தது. தொண்ணூறு வருடங்களுக்கு முன் மந்த காலத்தில் துரைமார் வைத்த வாதத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

2024 மே தினத்தில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க கொட்டகலை மேடையில் 1,700 ரூபா என்று அறிவித்தார். வர்த்தமானி முதல்நாளே தயார். ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டம்பரில், ஜனாதிபதித் தேர்தல் நெருங்கிய வேளையில், சம்பள நிர்ணய சபை வழியாக 1,350 முடிவானது. அடுத்து வந்த அரசு, 2026க்கான வரவு செலவுத் திட்டத்தில் 1,750 என்று முன்மொழிந்தது. அதில் கம்பனி கொடுப்பது 1,550. மிச்சம் 200 ரூபாவை வரவு ஊக்கத்தொகையாக அரசே திறைசேரியிலிருந்து கொடுக்கும் என்றது ஏற்பாடு. தனியார் கம்பனிக்கு வேலை செய்பவரின் நாட்சம்பளத்தில் ஒரு பங்கை வரி கட்டும் பொதுமக்கள் கொடுப்பது புதிய திருப்பம். வாங்குபவர் கைக்கு 200 ரூபா கூடுதலாக வருவது நல்லதே. ஆனால் கம்பனி கொடுக்க வேண்டியதை அரசு கொடுக்கத் தொடங்கினால், அடுத்த அரசின் மனம் மாறும் நாளில் அந்த 200க்கு யார் பொறுப்பு?

கங்காணி, துரை, டில்லி, ஆளுநர், சபை, கம்பனி, ஜனாதிபதி, நீதிமன்றம் என்று பேனா இத்தனை கைகள் மாறியிருக்கிறது. சம்பளம் உண்மையாக உயர்ந்தபோதெல்லாம் பெரும்பாலும் அதற்கு முன்னால் மலையில் வேலை நின்றிருக்கிறது, அல்லது ஒரு தேர்தல் நெருங்கியிருக்கிறது. இரண்டும் இல்லாத வருடங்களில் யாரும் தாமாகக் கூட்டிக் கொடுத்தது அரிது. காலனி அரசு 1920களில் செய்த ஒரு காரியம் மட்டும் மறுபடி செய்யத் தகுந்தது: லயத்துக் குடும்பம் மாதம் என்ன சாப்பிடுகிறது, பள்ளிக்கூடத்துக்கும் மருந்துக்கும் எவ்வளவு போகிறது என்ற செலவுக் கணக்கிலிருந்து சம்பளத்தைத் தொடங்குவது. அந்தக் கணக்கு வருடந்தோறும் எடுக்கப்பட வேண்டும். சம்பள நிர்ணய சபையில் தொழிலாளர் தரப்பு ஆசனங்களில் பாதியாவது, கொழுந்து எடுக்கும் பெண்கள் தங்களுக்குள் வாக்களித்து அனுப்பும் பெண்களுக்கு இருக்க வேண்டும். கிலோ அளவும் தராசுக் கழிவும் அந்தச் சபையின் தீர்ப்புக்கு உட்பட வேண்டும். தோட்டத் துரையின் விருப்பத்துக்கு விடக் கூடாது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வர்த்தமானியில் அச்சான எண்கள் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. கைக்கு வந்த எண்கள் அங்கே இல்லை. அவை உங்கள் பாட்டியின் தகரப் பெட்டியில், அம்மாவின் சேலை மடிப்பில், பழைய சம்பளச் சிட்டைகளாகவும் பற்றுச்சீட்டுகளாகவும் கிடக்கின்றன. எறிந்துவிடாதீர்கள். படமெடுத்து, எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்த வருடம் என்று பின்னால் எழுதி, ‘நூலகம்’ என்ற பெயரில் இயங்குவது போன்ற எண்ணிம நூலகங்களுக்கோ அருகிலுள்ள பல்கலைக்கழக நூலகத்துக்கோ கொடுங்கள். அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் கம்பனியின் கணக்குக்கு எதிரே வைக்கத் தொழிலாளரின் கணக்கும் வேண்டும்.